இந்த முறை மைக் எனக்கு வேண்டாம், கண்ணு

கண்ணு,

ஆவாரம்பாளையம் இரண்டாவது சந்தின் சக்கரவர்த்தியும், லேத்து விற்றுப்போன காலிப் பட்டறையின் ஏகபோக அதிபதியும், சாயங்காலக் காபிக்கு உன் அம்மாவிடம் தினமும் மனுப் போட்டு நிற்பவனுமாகிய உன் நைனா எழுதுவது. அரண்மனையில் எல்லோரும் சுகம். மழை பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சந்து முனை நாய்கூட நேற்று என்னைப் பார்த்து நல்ல தெம்போடு குரைத்தது.

நேற்று போனில் நீ கேட்டாய், "நைனா, அடுத்த வாரம் வண்டி கிளம்புது. இந்த வாட்டியும் ஆட்டமே தெரியாத பசங்கதான். மைக்குக்கு ரெடியா?" நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். போனை வைத்ததுதான் தாமதம், உன் அம்மா ஈரக்கையோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன்னீங்களே, உடம்புக்கு என்னங்க?" அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பிறந்த கையோடு நர்ஸம்மாவிடம் சொந்த ஊர் எது என்று விசாரித்த வாய் இது என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் நம்பவும் செய்தார்கள்.

யோசித்துவிட்டேன், கண்ணு. மைக்குக்கு நான் வரவில்லை. காரணத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் சங்கதி உனக்குத் தெரியும். மூன்றாவது வார்த்தையில் ஒரு தமாஷ் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நான் இன்னொன்று சொல்வேன். சொல்ல வந்த விஷயம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். காகிதத்தில் எழுதினால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது. அதனால் முடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் உன் சித்தி மகள் கல்யாணத்தை நினைத்துக்கொள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, நடனம் படிக்கிறேன் என்று நீ பெங்களூர் போயிருந்த சமயம். நான் உன்னைத் தடுக்கவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. ஆனால் ஒறம்பறைக்கு வந்த சொந்தக்காரர் யார் கேட்டாலும், "பையன் அமெரிக்காக்காரன் கம்பெனியில இருக்கானுங்க, அவனுக்குக் கீழ நானூறு பேரு" என்று அடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். நடனம் என்று சொல்ல எனக்கு வெட்கம் என்று நீ நினைத்தாய். அப்படி இல்லை, கண்ணு. உள்ளதைவிட ரெண்டு சுற்றுப் பெரிதாக ஒரு சட்டையைத் தைத்து மாட்டிவிட்டால்தான் பிள்ளை சபையில் எடுப்பாக இருப்பான் என்று எனக்கொரு புத்தி. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியவன் நீ என்று எனக்குத் தோன்றவே இல்லை. பந்தியில் உன் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "ஏனுங்க தம்பி, நானூறு பேர வெச்சு மேய்க்கறீங்களாமா, நம்ம பையனுக்கும் ஒரு எடம் பாத்துக் குடுங்க" என்று கேட்டார். நீ இலையைப் பார்த்தபடியே "பாக்கறனுங்க" என்றாய். பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாய். அந்த நேரத்தில் நான் கை கழுவும் இடத்தில் நின்று இன்னொருத்தரிடம் நானூறை ஐநூறாக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நீ ஒன்றும் சொல்லாததால் அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய விஷயம் என்று படித்துக்கொள்ள எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

பெங்களூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாய். பட்டறையைக் கொடு, அங்கே பசங்களை வைத்து ஒரு ஆட்டம் பழக்கப்போகிறேன், பழக்கி ஊர் ஊராகக் கொண்டுபோகப் போகிறேன் என்றாய். "ஆட்டம் தெரிஞ்ச பசங்க நம்மூர்ல எங்கடா இருக்காங்க?" என்று கேட்டேன். "தெரியாதவங்கதான் வேணும் நைனா. தெரிஞ்சவன் கண்ணாடியப் பாத்து ஆடுவான். தெரியாதவன் பக்கத்துல இருக்கறவனப் பாத்து ஆடுவான்" என்றாய். எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் சாவியைக் கொடுத்தேன். மோட்டார் வைண்டிங் கடைப் பையன் வந்தான், பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன் வந்தான், டிகிரி வாங்கி வீட்டில் திட்டும் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்தார்கள். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிறவர் மகன் பிரசாந்த் பைக்கில் வந்தான். கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து இளநி லோடு ஏற்றிக்கொண்டு வரும் தினேஷ், லோடை இறக்கிவிட்டு அதே ஆட்டோவில் வந்தான். முதல் நாள் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி நான் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். இடது காலைத் தூக்கு என்று நீ சொன்னதும் ஒருத்தன் இரண்டு காலையும் தூக்கினான். தரை ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டது. பட்டறை ஓட்டில் குடியிருந்த புறாக்கள் குடும்பத்தோடு பீளமேட்டுக்கு வீடு மாறின.

ஆனால் சிரித்துக்கொண்டே பார்த்தவன் ஒருநாள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். உன் ஆட்டத்தின் நடுவில் ஒரு இடம் வருமே, எல்லோரும் சுற்றிக்கொண்டிருக்கும்போது தினேஷ் மட்டும் நின்று, கண்ணை மூடி, பின்னால் திரும்பிப் பார்க்காமல் அப்படியே மரம் சாய்வது மாதிரி மல்லாக்கச் சாய்வான். பிரசாந்த் எங்கிருந்தோ ஓடிவந்து, தலை தரையில் படப்போகிற நேரத்தில் பிடிப்பான். முதல் வாரம் பூராவும் தினேஷால் முடியவில்லை. சாயும்போதே ஒரு கால் தானாகப் பின்னால் போய் ஊன்றிக்கொள்ளும். "நம்பிக்க வரமாட்டேங்குது அண்ணா" என்றான். நீ அவனைத் திட்டவில்லை. பிரசாந்தைத்தான் பார்த்து, "அவன் கால் பின்னால போகுதுன்னா உன் கை இன்னும் அவனுக்குத் தெரியலைன்னு அர்த்தம்" என்றாய். அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் டீக்கடைக்குப் போனாலும் ஒன்றாகப் போனார்கள், ஒரே பைக்கில் சுற்றினார்கள். ஒரு சாயங்காலம் தினேஷ் சாய்ந்தான். கால் பின்னால் போகவில்லை. நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். கடலையைக் கீழே வைத்தேன். என் சரித்திரத்தில் அது நடந்ததே இல்லை.

மைக் என் கைக்கு வந்தது யாருடைய திட்டமும் இல்லை. உக்கடம் பக்கத்து மண்டபத்தில் முதல் காட்சி. கூட்டம் வந்து உட்கார்ந்தாயிற்று, பாட்டுப் பெட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நீயும் பசங்களும் ஒயரைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறீர்கள். நான் போய் மைக்கை எடுத்தேன். வைண்டிங் கடைப் பையனைக் கூப்பிட்டு, "இவர் சுத்துன காயில் கம்பிய நீட்டிப் பிடிச்சா நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்து சிங்காநல்லூர்ல டீ குடிக்கலாம்" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. பெட்டி சரியாகும்வரை ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு ஒவ்வொரு ராஜ்ஜியம் எழுதிவைத்தேன். அன்றிலிருந்து நான் இல்லாமல் வண்டி கிளம்புவதில்லை என்று ஆனது. பசங்களுக்கெல்லாம் நான் மாமா.

நீ எனக்கு ஒரே ஒரு விதி போட்டாய். "பேர் மட்டும் சொல்லுங்க நைனா. ஊரு, ஊடு எதுவும் வேண்டாம்." ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். ஆட்டம் முடிந்ததும் பசங்களைச் சுற்றி நின்று ஆட்கள் கேட்பதை நானும் பார்த்தேனே. "ஏனுங்க தம்பி, அருமையா ஆடுனீங்க, எந்த ஊருங்க?" என்று முதல் கேள்வி. "அங்க எந்தப் பக்கமுங்க?" என்று இரண்டாவது. "யாரு ஊட்டுப் பையனுங்க?" என்று மூன்றாவது. நம்மூர் மரியாதைக்கு ஏழு கண்டத்திலும் ஈடு கிடையாது. கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் "கொஞ்சம் தலையத் தூக்குங்க" என்றுதான் கேட்போம். அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் சில பையன்களுக்குக் கை குலுக்கல் கிடைக்கும். சில பையன்களுக்கு "அப்படீங்களா, சரிங்க" கிடைக்கும்.

நான் உன் விதியை மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான ஊரையும் வீட்டையும்தானே சொல்லக் கூடாது? நான் பொய்யான ஊரையும் வீட்டையும் சொன்னேன். பொய் சொல்லிவிட்டால் மூன்றாவது கேள்விக்கு வேலையே இல்லை என்று ஒரு வக்கீல் புத்தி. பசங்களும் சேர்ந்துகொண்டார்கள். "மாமா, இன்னிக்கு என்னை என்ன ஆக்கப்போறீங்க?" என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்பார்கள். தினேஷ் ஒருநாள், "என்னைக் கடல் பக்கமாப் போடுங்க மாமா, நான் கடல் பாத்ததில்லீங்க" என்றான். அன்றைக்கு அவனைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு முதலாளி ஆக்கி, அவன் தும்மினால் கப்பல் திசை மாறும் என்று சொன்னேன். மேடைக்குப் பின்னால் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை நீயும் பார்த்தாய். அது எனக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி கிணத்துக்கடவுப் பக்கம் நடந்தது. ஊர்ப் பேரை எழுதவில்லை, உனக்குத் தெரியும். தென்னந்தோப்பை ஒட்டின களத்தில் மேடை. தோப்புக்காரரே இடம் கொடுத்து, லைட் கட்டி, எல்லோருக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லியிருந்தார். கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும்போது தினேஷ் என்னிடம் வந்தான். மூஞ்சி கழுவிவிட்டு வந்திருந்தான், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "மாமா, இன்னிக்கு எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. பேர் மட்டும் சொல்லிருங்க" என்றான். அது அவன் சொந்த ஊருக்கு அடுத்த ஊர் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள், பையனுக்குக் கூச்சம் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். கூச்சப்படுகிற பையனைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் கூச்சம் போய்விடும் என்று ஒரு வைத்தியம் வேறு. "பாத்துக்கறன் போ" என்று கண்ணடித்தேன். இந்த இடம் உனக்குத் தெரியாது, கண்ணு. அவன் முன்கூட்டியே கேட்டுக்கொண்டான் என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை.

அவன் முறை வந்தது. "வாராரு பாருங்க தினேஷ்! கண்ணுக்கு எட்டுற தூரம் நிக்கற தென்னை எல்லாம் இவருதுங்க. இவங்கப்பா அண்ணாந்து பாத்தாப் போதும், இளநி தானா எறங்கி வந்து கால்ல விழுந்து கும்பிடும்!" அப்புறம் முன்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "எறங்காதுங்க, அவங்கப்பன் ஏறித்தான் எறக்கோணும். காலைலகூட ஏறுனான்!" களமே சிரித்தது. நான் இத்தனை ஊரில் வாங்கின சிரிப்பில் அதுதான் பெரியது. ஆனால் அந்தச் சிரிப்பு என் பேச்சுக்கு வந்ததில்லை. தினேஷின் அப்பா அந்தத் தோப்பில் மரம் ஏறுகிறவர் என்று எனக்குத் தெரியாது. களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. பின்வரிசையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஆனால் வேலியோரம் ஒரு கூட்டம் நின்றுகொண்டுதான் இருந்தது. அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

தினேஷ் ஆடினான். நீ மேடைக்கு இடது பக்கம் நின்றாய், நான் வலது பக்கம். அந்த இடம் வந்தது. அவன் நின்றான். கண்ணை மூடவில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பிரசாந்த் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். பார்த்த பிறகும் தினேஷ் சாயவில்லை. மெதுவாக முட்டி போட்டு, ஒரு கையை ஊன்றி, தானாகவே தரையில் படுத்துக்கொண்டான். கூட்டம் கை தட்டியது. ஆட்டமே அப்படித்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிரசாந்த் மட்டும் நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். வீடு பக்கத்தில்தான் என்று சொல்லிவிட்டு அவன் வண்டியில் ஏறவில்லை. அடுத்த காட்சிக்குக் காங்கேயத்துக்கும் வரவில்லை. நீ அவன் இடத்தில் வேறு யாரையும் போடவில்லை. அவன் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு மற்றவர்கள் சுற்றி ஆடினார்கள். பார்க்கிறவர்களுக்கு அதுவும் அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ஒவ்வொரு ஊரிலும் அந்தக் காலி இடம் பெரிதாகிக்கொண்டே போனது. வண்டியில் நீ எப்போதும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் தூங்குவாய். காங்கேயம் போகிற வழியில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். நீ திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், இரண்டு பேரும் பல்லடத்தில் டீ குடித்திருப்போம்.

போன வாரம் உன் அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். எனக்கு ஏது பென்ஷன் என்று அவளும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஒரு பிரமாதமான பிரசங்கம் தயார் செய்திருந்தேன். பஸ்ஸில் அதை முணுமுணுத்து ஒத்திகை பார்த்ததில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். தினேஷ் ஊரில் இறங்கி, காலனியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தினேஷ் லோடுக்குப் போயிருந்தான். அவனுடைய அப்பா ராசு மட்டும் இருந்தார். என்னைவிட இளையவர்தான், ஆனால் உள்ளங்கையும் மார்பும் மரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போயிருந்தன. "வாங்க வாங்க, வெய்யல்ல வந்திருக்கீங்க" என்று பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிவந்து போட்டார். "நீங்க உக்காருங்க" என்றேன். "இருக்கட்டுமுங்க, நீங்க உக்காருங்க" என்றார். "நீங்க நிக்க நான் எப்படி உக்கார்றது?" என்றேன். "பழகிப்போச்சுங்க" என்றார். நானும் உட்காரவில்லை. நடுவில் நாற்காலியை வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்கள் நின்றோம். நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். "அன்னிக்கு மைக்குல நான்…" என்று சொல்வதற்குள், "அதெல்லாம் எதுக்குங்க, நீங்க இவ்வளவு தூரம் வந்ததே போதுமுங்க. கலர் குடிக்கறீங்களா?" என்றார். அந்த மரியாதையைத் தாண்டி உள்ளே போக எனக்கு வழி தெரியவில்லை. அவர் இத்தனை வருஷம் எதையெல்லாம் அப்படி வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பார் என்று மட்டும் தோன்றியது.

ஆட்டோச் சத்தம் கேட்டது. தினேஷ் வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, கண்ணு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மாமா! பஸ்ஸுலயா வந்தீங்க? ஒரு போன் அடிச்சிருந்தா நான் வந்திருப்பனுங்களே" என்றான். அவனோடு ஆட்டோவரை நடந்தேன். "தினேஷு, நான் தெரியாமச் சொல்லிப்போட்டேன்" என்றேன். என் பிரமாதமான பிரசங்கத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"நீங்க சொன்னது வெளையாட்டுங்க மாமா, அது எனக்குத் தெரியாதுங்களா?" என்றான். "முன்னாடி இருந்தவங்க சிரிச்சதும் புதுசில்லீங்க. ஆனா அவங்க சிரிச்சதும் நீங்களும் சேந்து சிரிச்சீங்களே மாமா. அப்ப நீங்க யாரு பக்கம் நிக்கறீங்கன்னு எனக்கு வெளங்குல."

ஆமாம், கண்ணு. சிரித்தேன். மைக் பிடித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கூட்டம் எதற்குச் சிரித்தாலும் அதற்கு நான்தான் காரணம் என்று காட்டிக்கொள்ளத் தோன்றும். முன்வரிசைக்காரர் என் பேச்சைப் பிடுங்கிக்கொண்டார். அதை விட்டுவிடக் கூடாது என்று நானும் வாய் நிறையச் சிரித்து, "அப்படிப் போடுங்க!" என்று அவருக்கு ஒரு சபாஷ் வேறு கொடுத்தேன். மைக்கில். அதை நீ மேடைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருப்பாய். அதனால்தான் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். நான் சொன்ன பொய்க்காகக் கோபம் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். நான் வருத்தப்பட்டதும் அந்தப் பொய்க்காகத்தான். தவறான இடத்தில் உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் இன்னொன்றும் சொன்னான். "எங்கய்யன் அன்னிக்குப் புதுச் சட்டை போட்டுட்டு வந்து வேலியோரம் நின்னாருங்க. நான் ஆடறதப் பாக்கோணும்னு காலைல வேலைய வெசையா முடிச்சுட்டு வந்தாரு. எல்லாரும் சிரிச்சதும் கெளம்பி ஊட்டுக்குப் போய்ட்டாரு. ஆட்டம் அதுக்கப்புறந்தானுங்களே ஆரம்பிச்சுது? அவரு இன்னும் பாக்கலீங்க மாமா."

நான் உன் ஆட்டத்தை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறேன்! உட்கார்ந்து, நின்று, கடலை தின்றுகொண்டு, வேண்டியமட்டும் பார்த்திருக்கிறேன். தன் பிள்ளை ஆடுவதை ஒரே ஒரு தரம் பார்க்க வந்த மனிதரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். "திரும்ப வாடா" என்று தினேஷைக் கூப்பிட்டேன். "கால் மறந்துபோச்சுங்க மாமா" என்று சிரித்தான். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆட்டோவை எடுக்கும்போது மட்டும், "இந்த வாட்டி எங்கூருப் பக்கம் போடறீங்களா?" என்று கேட்டான்.

நேற்று நீ போனில் ஊர்ப் பேரையெல்லாம் வரிசையாகச் சொன்னாய். அந்தப் பக்கம் ஒரு ஊரும் இல்லை. ஏன் விட்டாய் என்று எனக்குத் தெரியும். என்னையும் அவனையும் காப்பாற்றத்தான் விட்டிருப்பாய். உன் அம்மா குணம் அது. புண் இருக்கிற பக்கம் படுக்க மாட்டாள். ஆனால் இந்த ஒன்றில் உன் நைனா சொல்வதைக் கேள். தினேஷ் ஊரைச் சேர்த்துக்கொள். தோப்புக்காரர் களத்தில் வேண்டாம். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், இருந்தாலும் அங்கே யார் உட்கார்வது, யார் நிற்பது என்பது மேடை கட்டும் முன்பே முடிவாகிப்போன விஷயம். காலனியில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நல்ல இடம் இருக்கிறது, நான் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். உன் ஆட்டம் அங்கே தாராளமாகச் சுற்றும். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் களத்துப் பக்கத்திலிருந்தும் வரட்டும். வந்து அங்கே உட்காரட்டும். சிலர் வரமாட்டார்கள். லைட் கிடைக்காது, சாப்பாடு கிடைக்காது. புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாம். நாற்காலியை நான் இறக்கிப் போடுகிறேன். இந்த உடம்பு அதற்கு இன்னும் உதவும்.

மைக்கை வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. புதுப் பசங்களை ஒவ்வொருத்தனாக முன்னால் வரச்சொல். அவனவன் பேரை அவனவன் வாயாலேயே சொல்லட்டும். திக்கும், குளறும், ஒருத்தன் சொந்தப் பேரையே மறந்துவிடுவான். இருக்கட்டும். இடது கால் எது என்று தெரியாதவர்களை வைத்து ஆட்டமே கட்டினவன் நீ. ஊரையும் வீட்டையும் சொல்ல விருப்பப்படுகிறவன் சொல்லட்டும், விருப்பப்படாதவன் விடட்டும். அதை முடிவு பண்ணும் உரிமையை அவர்களிடமிருந்து எடுத்து நான் என் தமாஷுக்கு வைத்துக்கொண்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வருகிறது. எழுதாமல் விடுகிறேன்.

கிளம்பும் முன் ராசுவிடம், "உங்க ஊட்டுப் பக்கமே வெச்சு ஆடுனா வருவீங்களா?" என்று கேட்டேன். நீ இன்னும் சரி என்று சொல்லாத விஷயம். இருந்தாலும் கேட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். அவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். "பையன் ஆடுவானுங்களா?" என்று கேட்டார்.

முன்பாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். ஆடுவானுங்க, அவன் ஆடுகிற ஆட்டத்தில் ஆனைமலை எழுந்து நின்று கை தட்டும் என்று சொல்லி, அந்த மனிதரைச் சிரிக்கவைத்துவிட்டு பஸ் ஏறியிருப்பேன். வாய்வரை வந்தது, கண்ணு.

"தெரியலீங்க" என்று சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரிங்க, வாரனுங்க" என்றார்.

உன்
நைனா